ஓடுகிற சர்வரைத் தொடத்தான் வேண்டும்

ஒரு திங்கட்கிழமை காலை. நான் அப்போது வேலை பார்த்த நிறுவனத்தில் விசென்டருக்குள் யாராலும் நுழைய முடியவில்லை. கடவுச்சொல் சரி, நெட்வொர்க் சரி. விஎம்கள் ஓடிக்கொண்டிருந்தன, பில் போடுவது நடந்தது, மின்னஞ்சல் வந்தது. அத்தனை விஎம்களையும் ஆளுகிற இடத்தின் கதவு மட்டும் பூட்டிக்கொண்டிருந்தது. முந்தைய இரவின் பேக்கப் ஓடவில்லை என்பது பத்து மணிக்குத்தான் தெரிந்தது. பேக்கப் மென்பொருளும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும். "யார் எதைத் தொட்டீங்க?" என்று மேலாளர் கேட்டார். யாரும் எதையும் தொடவில்லை. இரண்டு வருடமாகவே யாரும் தொடவில்லை. கதவு பூட்டிக்கொண்டதற்குக் காரணமே அதுதான். உள்ளே வருகிறவருக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கும் சேவையின் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. விசென்டரின் சில பதிப்புகளில் அந்தச் சான்றிதழின் ஆயுள் இரண்டே ஆண்டு. காலாவதி நெருங்குவதை எச்சரிக்கும் அலாரம் பிந்தைய பதிப்புகளில்தான் வந்தது. அந்தப் பதிப்புக்கு நாங்கள் போகவே இல்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்தவர் அன்று என் பக்கத்தில் நின்றிருந்தார். "ஓடுறதைத் தொடாதே தம்பி" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இரவு இரண்டு மணிக்குச் சர்வர் அறையின் குளிரில், எழுந்திருக்க மறுக்கும் ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, காலை ஷிப்டுக்குள் ஆக வேண்டுமே என்று தவித்தவர்கள் சொல்கிற வார்த்தை அது. நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் அந்தப் பாடம் தவறு. டேட்டா சென்டரின் மெய்நிகராக்க மென்பொருள் விஷயத்தில் அது ஆபத்தான தவறு. சிறிய அலுவலகம் முதல் பெரிய மருத்துவமனை வரை இன்றும் அதுவே எழுதாத சட்டமாக இருப்பதால் அதை நேருக்கு நேர் மறுக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருபது முப்பது கணினிகள் இருப்பதுபோல் செய்வது மெய்நிகராக்கம். பெட்டிக்கு ஹோஸ்ட் என்று பெயர். உள்ளே இருக்கும் கணினிகள் விஎம்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மென்பொருள் அடுக்கு. விஎம்வேர் நிறுவனத்தின் ஈஎஸ்எக்ஸ்ஐ உலகெங்கும் பரவலாக ஓடும் அடுக்கு. அந்த ஹோஸ்ட்களைக் கூட்டமாக ஆள்வது விசென்டர். நடு அடுக்கில் ஒன்று பிசகினால் மேலே இருக்கும் முப்பதும் சேர்ந்து விழும். தொடப் பயப்படுகிறவர்கள் சொல்லும் காரணம் இது. நான் தொடச் சொல்வதற்கும் இதே காரணம்தான்.

2023 பிப்ரவரி 3-ஐ எடுத்துக்கொள்வோம். ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்ட்களைக் குறிவைத்து ஒரு பிணைத்தொகைத் தாக்குதல் தொடங்கியது. பின்னால் அதற்கு ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்று பெயர் வந்தது. பிரான்சின் கணினி அவசரக் குழு முதலில் எச்சரித்தது. சில நாட்களில் பல நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஹோஸ்ட்கள் மாட்டிக்கொண்டன. விஎம்களின் வட்டுக் கோப்புகளும் அமைப்புக் கோப்புகளும் பூட்டப்பட்டு, பிட்காயின் கேட்டு ஒரு குறிப்பு. தாக்கியவர்கள் நுழைந்ததாக அறியப்பட்ட வழி, ஓபன்எஸ்எல்பி என்ற சிறு சேவையில் இருந்த ஓட்டை: சிவிஇ-2021-21974. அந்த எண்ணிலேயே ஆண்டு இருக்கிறது. விஎம்வேர் அதற்கான பேட்ச்சை 2021 பிப்ரவரி 23 அன்றே வெளியிட்டுவிட்டது. ஏறக்குறைய இரண்டு வருடம் மருந்து அலமாரியில் இருந்தது. அதற்குள் வந்த புதிய பதிப்புகளில் அந்தச் சேவை தொடக்கத்திலேயே அணைக்கப்பட்டு வந்தது. ஒழுங்காகப் பதிப்பு மாறியவர்களுக்கு அந்த ஓட்டை என்னவென்று தெரிந்திருக்கக்கூட வேண்டாம். மாட்டிய பெட்டிகள் பிப்ரவரி 2 இரவுவரை மிக நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை. "நன்றாக ஓடுகிறது" என்பது பாதுகாப்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை. தாக்குபவருக்கும் நன்றாக ஓடுகிற பெட்டிதான் வேண்டும்.

உடனே ஒரு பதில் வரும்: "அதெல்லாம் இணையத்தில் திறந்து வைத்தவர்கள் கதை. நம்முடையது உள்ளேதானே இருக்கு சார்." இந்தப் பதிலைக் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டிருக்கிறேன். 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆய்வு இதைத் தகர்த்தது. நிறுவனத்தின் பயனர் கணக்குகளை ஆளும் ஆக்டிவ் டைரக்டரியில் ஹோஸ்ட் சேர்க்கப்பட்டிருந்தால், அங்கே 'ஈஎஸ்எக்ஸ் அட்மின்ஸ்' என்ற பெயரில் ஒரு குழு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதில் இருப்பவர்களுக்கு முழு அதிகாரம் கொடுத்துவிடும். அந்தக் குழு முதலில் இருந்ததா, நேற்று ஒருவன் உருவாக்கியதா என்று கேட்காது. உள்ளே ஒரு காலை வைத்துவிட்ட திருடன் அந்தப் பெயரில் ஒரு குழுவை உருவாக்கினால் போதும், ஹோஸ்ட்கள் எல்லாம் அவன் கையில். அகிரா, பிளாக் பாஸ்டா போன்ற பிணைத்தொகை மென்பொருள்கள் பரவிய தாக்குதல்களில் இது பயன்பட்டது. எட்டாம் பதிப்பின் மூன்றாம் அப்டேட்டில் இது சரிசெய்யப்பட்டது. ஏழாம் பதிப்புக்குப் பேட்ச் திட்டமில்லை, அமைப்பை மாற்றிச் சமாளித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். 2025 மார்ச் 4 அன்று வந்த எச்சரிக்கை இன்னும் மோசம். விஎம் ஒன்றில் நிர்வாகி அதிகாரம் பெற்றவன் அதிலிருந்து வெளியேறி ஹோஸ்ட்டையே பிடிக்க வழிசெய்யும் ஓட்டைகள். எச்சரிக்கை வந்தபோதே அவை பயன்பாட்டில் இருந்தன. "உள்ளேதானே இருக்கு" என்கிறவர், தன் ஐம்பது விஎம்களில் ஒன்றுகூட ஒருநாளும் விழாது என்று உறுதி கொடுக்கிறார். அப்படி உறுதி கொடுக்கக்கூடிய ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

அடுத்த வாதம் டவுன்டைம். "எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட நிறுத்த அனுமதி கிடையாது." மதிக்க வேண்டிய வாதம்போல் தெரியும். ஆனால் மெய்நிகராக்கத்தை வாங்கியதே எதற்கு? ஓடுகிற விஎம்மை நிறுத்தாமல் ஒரு ஹோஸ்டிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் விமோஷன் 2003-லேயே வந்துவிட்டது. ஒரு ஹோஸ்டைக் காலி செய்து, பராமரிப்பு நிலையில் வைத்து, பதிப்பை மாற்றி, திரும்பக் கூட்டத்தில், அதாவது கிளஸ்டரில், சேர்த்து, அடுத்ததற்குப் போகலாம். பயனாளருக்கு எதுவும் தெரியாது. "எங்கள் கிளஸ்டரில் ஒரு ஹோஸ்டைக் காலி செய்ய முடியாது, மற்றவற்றில் இடமில்லை" என்று சொல்கிறார்களா? அவர்களிடம் நான் கேட்பது இது: அந்த ஹோஸ்ட்டின் மதர்போர்டு இன்று மாலை நான்கு மணிக்குச் செத்தால் என்ன செய்வீர்கள்? திட்டமிட்டு ஒரு பெட்டியை எடுக்க முடியாத கிளஸ்டர், திட்டமில்லாமல் ஒரு பெட்டி போனாலும் தாங்காது. அப்கிரேட் அந்தப் பலவீனத்தை வெளியே காட்டியது, அவ்வளவுதான். மேம்படுத்தலைத் தள்ளிப்போட்டால் பலவீனம் அங்கேயே இருக்கும், நமக்குத் தெரியாமல் இருக்கும்.

"புதுப் பதிப்பு வந்தால் புதுப் பிரச்சினை வரும்" என்கிறார்கள். வரும். இதில் அவர்கள் பக்கம் உண்மை இருக்கிறது, அதை மறைத்துவிட்டு வாதாட நான் தயாரில்லை. ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0 அப்டேட் 3, 2021 அக்டோபர் தொடக்கத்தில் வந்தது. ஹோஸ்ட்கள் ஊதாத்திரை காட்டி விழுந்தன. நெட்வொர்க் அட்டைக்கான டிரைவர் பெயர் மாறியதால் மேம்படுத்தலே பாதியில் சிக்கியது. நவம்பரில் விஎம்வேர் அந்த வெளியீட்டையே திரும்பப் பெற்றது. திருத்திய பதிப்பு 2022 ஜனவரி இறுதியில்தான் வந்தது. 2024 செப்டம்பரில் விசென்டரின் கடுமையான ஓட்டை ஒன்றுக்குப் பேட்ச் வந்தது. அது முழுமையாக அடைக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு அக்டோபரில் மறுபடியும் பேட்ச் போட்டார்கள். வெளியீட்டு நாளன்றே எல்லா ஹோஸ்டிலும் ஏற்றியவர்கள் பட்ட அவதி எனக்குத் தெரியும். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் பாடம் என்ன? பெரிய பதிப்பை வந்த வாரத்திலேயே ஏற்றாதே, சில வாரம் பொறு, முதலில் சோதனைப் பெட்டியில் போடு, பிறகு முக்கியத்துவம் குறைந்த கிளஸ்டரில் ஒரே ஒரு ஹோஸ்டில் போட்டுப் பார். வாரக்கணக்கில் பொறுப்பது விவேகம். அதே காரணத்தைச் சொல்லி ஐந்து வருடம் சும்மா இருப்பதை விவேகம் என்று அழைக்க முடியாது.

பெரிய விபத்துகளை உதாரணம் காட்டுகிறவர்களும் உண்டு. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி ஒரு வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய தளத்துக்கு மாற்றியது. லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள்; நிலைமை முழுவதும் சீராக மாதங்கள் ஆயின. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. அங்கே மாறியது வங்கியின் முழுத் தளம். நாம் பேசும் அடுக்கு அதில் ஒரு பகுதிதான். ஆனாலும் பின்னர் வந்த சுயேச்சை விசாரணை அறிக்கையைப் படித்தால், மாற்றியதைவிட மாற்றிய விதத்தைத்தான் அது குற்றம் சாட்டுகிறது: எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே வீச்சில் மாற்றினார்கள், இரண்டு டேட்டா சென்டர் இருக்க, சுமைச் சோதனையை ஒன்றில் மட்டும் செய்தார்கள். அப்படிச் சோதித்துப் பார்க்காத இரண்டாவது சென்டரையும் நம்பிக்கொண்டு சேவையைத் திறந்தார்கள். டிஎஸ்பியைக் காட்டி "தொடாதே" என்பவர், ஒத்திகை பார்க்காமல் மேடையேறிய கூத்தைக் காட்டிக் கூத்தையே வேண்டாம் என்கிறார்.

"தொடாதே" கட்சி ஒருபோதும் கணக்கில் எடுக்காத ஒன்றுண்டு: தொடாத ஒவ்வொரு வருடமும் படி ஒன்று கூடுகிறது. ஈஎஸ்எக்ஸ்ஐ 6.5-இல் நின்றுவிட்டவர் நேரே எட்டுக்குத் தாவ முடியாது. நடுவில் ஒரு பதிப்பில் கால்வைத்துத்தான் ஏற வேண்டும். ஏழில் பழைய லினக்ஸ் வழி டிரைவர்கள் மொத்தமாக எடுக்கப்பட்டன, எனவே பழைய ஸ்டோரேஜ் கன்ட்ரோலரும் நெட்வொர்க் அட்டையும் வேலை செய்யாமல் போகலாம். விண்டோஸில் ஓடிய விசென்டர் ஏழிலிருந்து கிடையாது. அதைத் தனி அப்ளையன்ஸாக மாற்றியாக வேண்டும். எஸ்டி கார்டிலிருந்து பூட் ஆகிக்கொண்டிருந்த ஹோஸ்ட்கள், ஏழின் புதிய பகிர்வு அமைப்பு செய்யும் இடைவிடாத எழுத்து வேலையில் கார்டு தேய்ந்து விழுந்தன. 6.5, 6.7 இரண்டுக்கும் பொது ஆதரவு 2022 அக்டோபர் 15 அன்று முடிந்தது. ஏழுக்கு 2025 அக்டோபர் 2. வருடத்துக்கு ஒரு படி ஏறியிருந்தால் மேற்சொன்ன ஒவ்வொன்றும் தனித்தனியான ஒரு மதிய வேலை. ஆறு வருடம் காத்திருந்தவருக்கு இவை அனைத்தும் ஒரே இரவில் வந்து நிற்கும். அந்த இரவு தோல்வியில் முடிந்ததும் அவர் சொல்வார்: "பார்த்தீங்களா, அப்போதே சொன்னேன், தொடாதீங்கன்னு." அவர் பயந்த இரவை அவருடைய தாமதம்தான் கட்டியெழுப்பியது.

சரி, பாதுகாப்பாகத் தொடுவது எப்படி? இங்கேதான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. "தொடாதே" என்கிறவர்கள் திட்டம் என்றால் ஏறும் வழியை மட்டும் நினைக்கிறார்கள். திட்டத்தின் பெரும்பகுதி இறங்கும் வழி.

மேம்படுத்தலின் வேலைகளை நான் இரண்டாகப் பிரிப்பேன்: திரும்ப வர முடிகிறவை, முடியாதவை. விசென்டரை அடுத்த பெரிய பதிப்புக்குக் கொண்டுபோவது பலரும் நினைப்பதைவிட மென்மையானது. புதிய அப்ளையன்ஸ் ஒன்று தற்காலிக ஐபியில் பக்கத்தில் எழுகிறது. பழையதன் தரவு அதற்குள் நகல் ஆகிறது. பழையது அணைக்கப்படுகிறது, அழிக்கப்படுவதில்லை. ஏதாவது பிசகினால் புதியதை அணைத்துப் பழையதை எழுப்பலாம். ஆனால் இந்த வழி எதுவரை திறந்திருக்கும்? ஹோஸ்ட்களைப் புதிய பதிப்புக்கு ஏற்றத் தொடங்கும்வரை. விசென்டர் ஓரளவு பழைய ஹோஸ்டை ஆளும். தன்னைவிடப் புதிய பெரிய பதிப்பில் இருக்கும் ஹோஸ்டை ஆளாது. அதனால்தான் விசென்டர் முதலில், ஹோஸ்ட்கள் பிறகு. நடுவில் குறைந்தது ஒரு வாரமாவது இடைவெளி விட வேண்டும் என்பேன். அந்த வாரம் முழுக்க பேக்கப் ஓடுகிறதா, ரிஸ்டோர் ஆகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹோஸ்டில் ஈஎஸ்எக்ஸ்ஐ தன் முந்தைய படிமத்தை இன்னொரு பகிர்வில் வைத்திருக்கும். பூட் ஆகும்போது ஷிஃப்ட்டும் ஆரும் சேர்த்து அழுத்தினால் முந்தையதற்குத் திரும்பலாம். ஆனால் ஆறிலிருந்து ஏழுக்கு வரும்போது பகிர்வு அமைப்பே மாறுவதால் அங்கே இந்த வழி அடைபடுகிறது. அதற்காகக் கலங்க வேண்டியதில்லை. விஎம்கள் பொது ஸ்டோரேஜில் இருந்தால் ஹோஸ்ட் என்பது திரும்ப நிறுவிக்கொள்ளக்கூடிய வெறும் பெட்டி. அதன் அமைப்பை நகல் எடுத்து வைத்து, காலி செய்துவிட்டு மாற்றினால், மோசமான நிலையில் இழப்பது ஒரு பெட்டியின் ஒரு மதியம்.

திரும்ப முடியாதவை வேறு. விசான் ஸ்டோரேஜின் வட்டு வடிவத்தை ஏற்றுவது, நெட்வொர்க்கின் டிஸ்ட்ரிபியூட்டட் சுவிட்ச் பதிப்பை ஏற்றுவது, விஎம்மின் வன்பொருள் பதிப்பை ஏற்றுவது. மேம்படுத்தல் முடிந்த மகிழ்ச்சியில் திரையில் வரும் மஞ்சள் எச்சரிக்கையைப் பார்த்து இவற்றையும் அன்றிரவே அழுத்திவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுத்தக் கூடாது. இவற்றுக்கு அவசரமே இல்லை. மாதம் ஒன்று கழியட்டும். விஎம்மின் வன்பொருள் பதிப்பைப் பொறுத்தவரை, அதில் புதிதாக வரும் வசதி ஏதாவது தேவைப்படாவிட்டால் அப்படியே விட்டுவிடலாம்.

பட்டியல் எடுப்பதையும் எல்லோரும் அவசரமாகக் கடக்கிறார்கள். பேக்கப் மென்பொருள் புதிய பதிப்பை ஆதரிக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஆதரிக்கவில்லை என்றால் அதை முதலில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் மேம்படுத்திய நாள் முதல் பேக்கப் இல்லாமல் ஓடுவோம். சர்வரின் மாடல், செயலி, கன்ட்ரோலர், அவற்றின் ஃபர்ம்வேர் எல்லாம் இணக்கப் பட்டியலில் இருக்கின்றனவா? டிஎன்எஸ்ஸில் பெயரிலிருந்து எண்ணும் எண்ணிலிருந்து பெயரும் சரியாக வருகின்றனவா? எல்லாப் பெட்டிகளின் கடிகாரமும் ஒன்றா? விசென்டரின் ரூட் கடவுச்சொல் தொண்ணூறு நாளில் காலாவதியாகும்படியே வருகிறது, அது இன்று உயிரோடிருக்கிறதா? நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இந்தச் சிறிய கேள்விகளில்தான் விழுந்தன. அப்புறம், டிஎன்எஸ் சர்வரே இதே கிளஸ்டருக்குள் ஒரு விஎம்மாக இருக்கும். விசென்டரும் அப்படியே. விசென்டர் விழுந்தால் அது எந்த ஹோஸ்டில் விழுந்தது என்று எப்படித் தேடுவீர்கள்? வேலை தொடங்குமுன் விசென்டர் விஎம் எந்த ஹோஸ்டில் இருக்கிறது, அந்த ஹோஸ்ட்டின் ஐபி என்ன, ரூட் கடவுச்சொல் என்ன என்று ஒரு தாளில் எழுதி உறையில் போட்டுப் பொறுப்பாளர் கையில் வைத்திருக்க வேண்டும். கணினியில் சேமித்து வைத்தால் அந்தக் கணினியும் ஒரு விஎம்மாக இருந்து தொலைக்கும்.

"ஸ்னாப்ஷாட் எடுத்தாச்சு சார்" என்பதை நான் பேக்கப்பாக ஏற்றுக்கொள்வதில்லை. ஸ்னாப்ஷாட் அதே ஸ்டோரேஜில் உட்கார்ந்து வளர்ந்துகொண்டே போகும். ஸ்டோரேஜ் போனால் அதுவும் போகும். ஒன்றோடொன்று இணைந்த பல விசென்டர்கள் இருந்தால், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைத்து ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும். ஓடும்போது எடுத்த ஒன்றை மட்டும் பின்னுக்குக் கொண்டுபோனால் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. விசென்டருக்கென்றே இருக்கும் கோப்புவழி பேக்கப்பை வேறு இடத்தில் எடுத்துவைத்து, அதிலிருந்து ஒரு தடவையாவது உயிர்ப்பித்துப் பார்த்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றிய வாதம் கடைசியில் வரும். அதுதான் இப்போது பலமாக ஒலிக்கிறது. 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நின்றது, சந்தா மட்டும் என்றானது. பலரின் செலவு கடுமையாக உயர்ந்தது. சிறிய நிறுவனங்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில் "அப்படியானால் இருப்பதிலேயே இருந்துவிடுவோம்" என்று முடிவெடுப்பது தங்களையே தண்டித்துக்கொள்வது. சந்தாவுக்கு மாறாத பழைய உரிமக்காரர்களுக்கும் அவசரப் பாதுகாப்புப் பேட்ச் தருவோம் என்று பிராட்காம் 2024 ஏப்ரலில் அறிவித்தபோதுகூட, ஆதரவில் உள்ள பதிப்புகளுக்குத்தான் என்று வரம்பு வைத்தது. ஆறில் உறைந்திருந்தவர்களுக்கு அந்தச் சலுகையும் எட்டவில்லை. விட்டுப் போகிறேன் என்றால் தாராளமாகப் போகலாம். ப்ராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி, நுட்டானிக்ஸ் என்று வழிகள் இருக்கின்றன. ஈஎஸ்எக்ஸ்ஐயிலிருந்து விஎம்களை நேரே இழுத்துக்கொள்ளும் வசதியை ப்ராக்ஸ்மாக்ஸ் 2024-இல் சேர்த்தது. ஆனால் குடிபெயர்வதற்கும் அதே பட்டியல், அதே ஒத்திகை, அதே திரும்பும் வழி வேண்டும். ஒரு ஹோஸ்டைக் காலி செய்து பழகாத குழுவால் ஒரு டேட்டா சென்டரைக் காலி செய்ய முடியாது.

எட்டாம் பதிப்பின் பொது ஆதரவு 2027 அக்டோபர் 11 அன்று முடிகிறது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். திரும்ப முடியாத மாற்றங்களுக்குக் கடைசி இரண்டு மாதம். ஹோஸ்ட்களுக்கு, வாரத்துக்கு ஒன்றிரண்டு வீதம், மூன்று மாதம். விசென்டருக்கும் அதன் கவனிப்புக்கும் ஒரு மாதம். பேக்கப் மென்பொருளுக்கும் ஃபர்ம்வேருக்கும் இரண்டு மாதம். இணக்கப் பட்டியலில் இல்லாத சர்வர் இருந்தால் ஒப்புதல் வாங்கி, ஆர்டர் போட்டு, வந்து இறங்க அரை வருடம். அன்று என் பக்கத்தில் நின்ற மூத்தவர் ஓய்வுபெறுவதற்கு முந்தைய மாதம் இப்படியொரு கணக்கைத் தன் கையாலேயே வெள்ளைப் பலகையில் எழுதினார். முதல் வரிக்கு எதிரே, சோதனை ஹோஸ்டைக் காலி செய்யும் தேதி என்று அடுத்த செவ்வாய்க்கிழமையைப் போட்டார்.